ஆன்டிவைரஸுக்குத் துணையாக எதைப் போடலாம்? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கின்றன. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸ் இருக்கிறது, அது போதுமா, கூட எதையாவது போட வேண்டுமா என்று. கும்பகோணத்தில் 2003 ஜூனில் நான் சர்வீஸ் கடை திறந்த நாளிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருக்கும் கேள்வி இது. பிரின்டர், வைஃபை கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டேன். கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

*

எனக்கு வயது 68. விண்டோஸ் 11 லேப்டாப் வைத்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் இருக்கிறது, பிப்ரவரி வரை லைசென்ஸ் உண்டு. ஆனாலும் பத்து நாளாகத் திரையின் வலது மூலையில் 'உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள் உள்ளன' என்று ஒரு பெட்டி வந்துகொண்டே இருக்கிறது. ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்கும், இரண்டாவதாக ஒரு ஆன்டிவைரஸ் போடுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஆன்டி-மால்வேர் என்று தனியாக வாங்க வேண்டும் என்கிறார் மருமகன். எதை வாங்குவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவகோட்டை

ஐயா, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். முதலில் அந்தப் பெட்டியைக் கவனிப்போம்.

அடுத்த தடவை அது வரும்போது உள்ளே இருக்கும் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, ஓரத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். கூகுள் குரோம் என்றும், அதையடுத்து வாயில் நுழையாத ஒரு இணையதளத்தின் பெயரும் இருக்கும். அப்படி இருந்தால் அதை அனுப்புவது உங்கள் ஆன்டிவைரஸும் இல்லை, விண்டோஸும் இல்லை. என்றோ ஒரு நாள் சீரியலோ கிரிக்கெட்டோ பார்க்கப் போன இடத்தில், 'நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலவ் என்பதை அழுத்துங்கள்' என்று கேட்டிருப்பார்கள். நீங்களும் அழுத்தியிருப்பீர்கள். அந்தத் தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதி கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து வைரஸ் எச்சரிக்கை மாதிரி வேஷம் போட்டு விளம்பரம் அனுப்புகிறது.

இதற்கு மருந்து சாஃப்ட்வேர் இல்லை. குரோமில் செட்டிங்ஸுக்குப் போய், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். தெரியாத பெயர்களையெல்லாம் நீக்கிவிடுங்கள். அந்தப் பட்டியலில் 40 பெயர் இருந்த ஒரு லேப்டாப்பை என் கடையில் பார்த்திருக்கிறேன். நீக்கிய மாத்திரத்தில் அமைதியானது. அந்தப் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கிளிக் செய்யாதீர்கள். உங்கள் பயத்தை வைத்து ஒரு போலி சாஃப்ட்வேரை விற்கத்தான் அது வருகிறது.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதற்கு வருகிறேன். போன ஆடி மாதம் நாச்சியார்கோவிலிலிருந்து ஒருவர் லேப்டாப் கொண்டுவந்தார். குத்துவிளக்குப் பட்டறை வைத்திருப்பவர். பட்டனை அழுத்தினால் வேலைக்குத் தயாராக 11 நிமிஷம் ஆனது, கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறேன். திறந்து பார்த்தால் உள்ளே மூன்று ஆன்டிவைரஸ். ஒன்று வாங்கும்போதே வந்தது, ஒன்று மகன் போட்டது, மற்றொன்று ஏதோ இலவச சாஃப்ட்வேரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. வைரஸ் ஒன்றுகூட இல்லை. மூன்றும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன.

காரணம் இதுதான். நீங்கள் ஒரு ஃபைலைத் திறக்கும்போது விண்டோஸ் அதை முதலில் ஆன்டிவைரஸிடம் காட்டுகிறது. அது பார்த்துச் சரி என்ற பிறகுதான் உங்களுக்குத் திறந்துவிடுகிறது. இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால், முதலாவது பார்ப்பதற்காகத் திறக்கிறதே, அந்தத் திறப்பையே இரண்டாவது பிடித்துச் சோதிக்கும். அது சோதிப்பதை முதலாவது சந்தேகப்படும். ஒன்று பிடித்துத் தனியே பூட்டிவைத்த வைரஸை இன்னொன்று 'இதோ வைரஸ்' என்று எடுக்கப் போகும். ஒரே உறையில் இரண்டு கத்தி என்பார்களே, அது இதற்கு அப்படியே பொருந்தும். இரண்டை நிரந்தரமாக அன்இன்ஸ்டால் செய்தேன், லேப்டாப் ஒரு நிமிஷத்துக்குள் தயாரானது.

மருமகன் சொல்வது 2006-ல் சரி. மால்வேர் என்பது கெடுதல் செய்யும் எல்லா சாஃப்ட்வேருக்கும் பொதுப் பெயர், வைரஸ் அதில் ஒரு வகை. அன்றைய ஆன்டிவைரஸ்கள் வைரஸை மட்டும் பார்த்தன; வேவு பார்க்கும் ஸ்பைவேரையும் விளம்பரம் காட்டும் ஆட்வேரையும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அந்த இடைவெளியில்தான் ஸ்பைபாட், ஆட்-அவேர் போன்றவை வீடுவீடாக வந்தன. அன்று நானும் எல்லோருக்கும் அவற்றைத்தான் போட்டுக்கொடுத்தேன். இன்று ஆன்டிவைரஸ் என்ற பெயரில் விற்கும் எதுவும் இவை அத்தனையையும் பார்க்கிறது. பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் இரண்டாவது அபிப்பிராயமே வேண்டாமா? வேண்டும். ஆனால் அது கூடவே குடியிருக்கக் கூடாது. நாம் கூப்பிட்டால் வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். அந்த வகை ஸ்கேனர்கள் இலவசமாகவே உண்டு. மால்வேர்பைட்ஸ் இன்ஸ்டால் செய்தால் முதல் 14 நாள் பிரீமியம் சோதனையாக ஓடும். அதன்பின் காசு கட்டாமல் விட்டால் நாம் ஓட்டும்போது மட்டும் ஸ்கேன் செய்யும். நமக்கு வேண்டியது அந்த இரண்டாவது நிலைமைதான், எனவே '14 நாள் முடிந்துவிட்டது, வாங்குங்கள்' என்று அது கேட்கும்போது பதற வேண்டாம். இசெட் நிறுவனத்தின் ஆன்லைன் ஸ்கேனரும் இதே ரகம். மைக்ரோசாஃப்டின் சேஃப்டி ஸ்கேனர் டவுன்லோடு செய்த 10 நாளில் காலாவதியாகிவிடும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் புதிதாக இறக்க வேண்டும். பிரவுசர் தானாக வேறு பக்கம் தாவுகிறது, தேடும் தளம் மாறிவிட்டது என்ற கோளாறுக்கு ஆட்வ்கிளீனர் என்ற சின்ன சாஃப்ட்வேர் போதும். அதற்கு இன்ஸ்டால்கூடத் தேவையில்லை.

இவற்றில் ஏதாவது ஒன்று. மாதம் ஒரு தடவை, அல்லது சந்தேகம் வரும்போது. உங்களுக்கு அதுகூட வேண்டாம் என்றால், விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன் பக்கத்தில் 'பீரியாடிக் ஸ்கேனிங்' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் இருக்கும் கம்ப்யூட்டரில், விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஒதுங்கி உறங்கும். இந்த சுவிட்சைப் போட்டால் அவ்வப்போது எழுந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மறுபடி உறங்கும். சண்டை வராது.

உண்மையான துணை தேவைப்படுவது பிரவுசரில்தான் ஐயா. என் கடைக்கு வரும் கோளாறுகளில் பெரும்பகுதி அந்த வழியாக வந்ததுதான். பிரின்டர் டிரைவர் என்று தேடினால் மேலே வருவது 'ஸ்பான்சர்ட்' என்ற விளம்பரம். உள்ளே போனால் பச்சை நிறத்தில் நான்கு டவுன்லோடு பட்டன். அதில் மூன்று விளம்பரம். நாலாவதைக் கண்டுபிடிக்க எனக்கே ஒரு கணம் ஆகும். யுபிளாக் ஆரிஜின் என்ற இலவச எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு சேர்க்கும் சின்னக் கருவி, அந்த மூன்றையும் மறைத்துவிடும். ஃபயர்ஃபாக்ஸில் அது முழுதாக வேலை செய்கிறது. குரோம் தன் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றிவிட்டதால் அங்கே யுபிளாக் ஆரிஜின் லைட் என்ற சிறிய வடிவம்தான் கிடைக்கும், அதுவும் நல்லதுதான். பெயர் முழுதாகச் சரியாக இருக்கிறதா பார்த்துப் போடுங்கள். ஒப்பான பெயரில் வேறு ஆட்களும் உண்டு.

*

தையல் கடை நடத்துகிறேன், பில் போட ஒரு கம்ப்யூட்டர். ஆன்டிவைரஸ் ரின்யூவல் செய்யச் சொல்லித் தினமும் மெசேஜ் வருகிறது. இந்த வருஷம் கட்டாமல், விண்டோஸோடு வரும் டிஃபெண்டரை நம்பி இருக்கலாமா?
– வாசகி, ஈரோடு

இருக்கலாம் அம்மா. 2004 கடைசியில் மைக்ரோசாஃப்ட் ஒரு சிறு நிறுவனத்தை வாங்கி அதன் ஸ்பைவேர் தடுப்பைத்தான் டிஃபெண்டர் என்று முதலில் தந்தது. அப்போது அது ஆன்டிவைரஸே இல்லை, 'டிஃபெண்டரை நம்பாதே' என்ற பேச்சு அந்தக் காலத்தது. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது முழு ஆன்டிவைரஸாக மாறியது. இன்றைக்கு வீட்டு உபயோகத்துக்கும் உங்களைப் போன்ற சிறு கடைக்கும் அதையே வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் போன்று நம் நாட்டிலேயே தயாராகும் நல்ல ஆன்டிவைரஸ்கள் உண்டு, கட்டிப் பழகியவர்கள் தொடரலாம். கட்டாவிட்டால் கம்ப்யூட்டர் திறந்த வீடாகிவிடும் என்ற பயத்தில் மட்டும் கட்ட வேண்டாம்.

ஒரே ஒரு நிபந்தனை. லைசென்ஸ் முடிந்த ஆன்டிவைரஸை அப்படியே விட்டுவைக்காதீர்கள். புது வைரஸ் விவரம் வாங்காமல் இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கும். முறையாக அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தால் டிஃபெண்டர் தானாக விழித்துக்கொள்ளும். விழித்ததும் மூன்று சுவிட்சுகளைப் பாருங்கள். டேம்பர் புரொடெக்‌ஷன் ஆனில் இருக்க வேண்டும். வேறு எந்த சாஃப்ட்வேரும் டிஃபெண்டரைத் திருட்டுத்தனமாக அணைக்க முடியாதபடி அது காக்கும். ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல் பக்கத்தில், ரெப்யூடேஷன் பேஸ்டு புரொடெக்‌ஷனுக்குள், வேண்டாத சாஃப்ட்வேரைத் தடுக்கும் சுவிட்ச். இலவசத்தோடு ஒட்டிக்கொண்டு வருவதை இது பிடிக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம், அது தானாக ஆனில் இருக்காது. ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸுக்கு ரான்சம்வேர் என்று பெயர். ரான்சம்வேர் புரொடெக்‌ஷனுக்குள் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்று இருக்கும். 2017-ல் விண்டோஸ் 10-க்கு வந்த வசதி. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களில் முன்பின் தெரியாத சாஃப்ட்வேர் கை வைக்கப் போனால் தடுத்துவிடும். உங்கள் பில் சாஃப்ட்வேரையும் முதல் நாள் தடுக்கக்கூடும். சேவ் ஆகவில்லை என்று பதறி வசதியையே அணைத்துவிடாதீர்கள். 'அலவ் அன் ஆப்' என்ற இடத்தில் பில் சாஃப்ட்வேரை மட்டும் சேர்த்துவிடுங்கள். டிஃபெண்டர் முழுநேரக் காவலில் இருந்தால்தான் இது வேலை செய்யும். வேறு ஆன்டிவைரஸ் வைத்திருப்பவர்கள் அதில் இதற்கு ஈடான வசதி இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

*

ஆன்டிவைரஸ் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வைரஸ் வந்தால்தான் தெரியுமா?
– பிளஸ் டூ மாணவன், விருதுநகர்

நல்ல கேள்வி தம்பி. இதற்கென்றே ஐகார் சோதனை ஃபைல் என்று ஒன்று இருக்கிறது. 68 எழுத்து மட்டுமே கொண்ட ஒரு வரி. எந்தத் தீங்கும் செய்யாது, ஆனால் எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸ் என்று பிடிக்க வேண்டும் என்பது நிறுவனங்கள் ஒத்துக்கொண்ட ஏற்பாடு. ஐகார் அமைப்பின் தளத்திலிருந்தே இறக்கிப் பார். இறங்குவதற்குள் சத்தம் போட்டால் காவல் இருக்கிறது. சத்தமே இல்லாமல் இறங்கி, திறந்தாலும் திறக்கிறது என்றால் காவல் தூங்குகிறது. ஸ்கூல் லேபில் இதைச் செய்ய வேண்டாம், வீட்டில் செய்.

*

தனியாக ஃபயர்வால் சாஃப்ட்வேர் வேண்டுமா?
– வாசகர், நாகர்கோவில்

வேண்டாம். வெளியிலிருந்து அத்துமீறி வரும் இணைப்பைத் தடுக்கும் இந்தச் சுவர் விண்டோஸில் இருப்பதே போதும், அது ஆனில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

*

கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும் கிளீனர், ரெஜிஸ்ட்ரி சரிசெய்யும் சாஃப்ட்வேர், டிரைவர் அப்டேட்டர் இவையெல்லாம் பாதுகாப்புக்கு உதவுமா?
– வங்கி ஊழியர், திருச்சி

உதவாது. 2017-ல் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். உலகமே பயன்படுத்திய சிகிளீனரின் 5.33 என்ற பதிப்புக்குள், தயாரித்த இடத்திலேயே யாரோ புகுந்து தீய நிரலைச் சேர்த்துவிட்டார்கள். ஆகஸ்ட் 15-லிருந்து கிட்டத்தட்ட ஒரு மாதம் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே அது இறங்கியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களுக்குப் போனது. இறக்கியவர்கள் மேல் ஒரு தவறும் இல்லை. ஆனால் நாம் சேர்க்கும் ஒவ்வொரு சாஃப்ட்வேரும் ஒரு கதவு, அவசியமில்லாத கதவை எதற்கு வைக்க வேண்டும்? குப்பையை அள்ள விண்டோஸிலேயே ஸ்டோரேஜ் சென்ஸ் இருக்கிறது. டிரைவருக்கு விண்டோஸ் அப்டேட், இல்லையென்றால் லேப்டாப் கம்பெனியின் தளம்.

*

விண்டோஸ் 10 லேப்டாப், 2016-ல் வாங்கியது. விண்டோஸ் 11 ஏறாது என்று காட்டுகிறது. இனி அப்டேட் வராது என்கிறார்கள். நல்ல ஆன்டிவைரஸாக வாங்கிப் போட்டால் ஈடுகட்டிவிடலாமா?
– கல்லூரி மாணவி, தூத்துக்குடி

முழுதாக ஈடுகட்ட முடியாது. ஏன் என்று சொல்ல என் கடை திறந்த வருஷத்துக்கே போக வேண்டும்.

2003 ஆகஸ்ட். கடைக்கு இரண்டு மாத வயது. ஒரே வாரத்தில் வரிசையாக ஆட்கள் சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே புகார்: இன்டர்நெட் போட்டதும் ஒரு பெட்டி வருகிறது, 60 வினாடி என்று எண்ணத் தொடங்குகிறது, கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. பிளாஸ்டர் என்ற வோர்ம், அதாவது கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தானாகவே பரவும் வகை. யாரும் எதையும் கிளிக் செய்யவில்லை, எந்த மெயிலையும் திறக்கவில்லை. இன்டர்நெட்டில் இருந்தாலே போதும், விண்டோஸில் இருந்த ஓட்டை வழியாக நேரே உள்ளே வந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் ஜூலை 16 அன்றே வெளியிட்டிருந்தது. அது போட்டிருந்தவர்கள் ஒருவரும் என் கடைக்கு வரவில்லை. அந்த 60 வினாடிக்குள் அப்டேட்டை சிடியிலிருந்து ஏற்ற ஓடிய ஓட்டம் இன்னும் என் கையில் இருக்கிறது. 2017 மே 12-ல் வானாக்ரை என்ற ரான்சம்வேர் வந்தபோதும் இதே கதை. அடைப்பு மார்ச் 14-லேயே தயார்.

ஆன்டிவைரஸ் என்பது வீட்டுக்குள் வந்தவனைப் பிடிப்பது. அப்டேட் என்பது சுவரில் இருக்கும் ஓட்டையைப் பூசுவது. உங்கள் லேப்டாப்பில் பூச்சு வேலை 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. ஆனால் வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புத் திட்டம் ஒன்று உண்டு. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதில் சேர ஒரு இணைப்பு காட்டும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் உள்நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒத்துக்கொண்டால் காசு கட்டாமலே சேரலாம். டிஃபெண்டருக்கு வைரஸ் விவரங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதைப் பார்த்து ஓட்டைகளும் அடைபடுகின்றன என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டும் வேறு.

நீட்டிப்பு முடிந்ததும், புதிது வாங்க முடியவில்லையென்றால் அந்த லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம் போடலாம். ப்ராஜெக்ட் டைப் செய்ய, பிரவுசர் பார்க்க, ஜூம் வகுப்புக்கு அது தாராளமாகப் போதும். ஏற்கெனவே அரசு கொடுத்த பழைய லேப்டாப்கள் பலவற்றுக்கு இப்படித்தான் உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆன்டிவைரஸ் வாங்க வைத்திருக்கும் காசில், பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், லேப்டாப் வேகமாகும்.

*

ஜெராக்ஸ் கடையில் பென்டிரைவைக் கொடுத்து வாங்கிவந்தேன். உள்ளே இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன. ஃபார்மட் செய்யச் சொல்கிறார்கள். மகளின் சான்றிதழ் ஸ்கேன்கள் அதில் இருக்கின்றன. இதைத் தடுக்க யுஎஸ்பி பாதுகாப்பு சாஃப்ட்வேர் தனியாக உண்டா?
– இல்லத்தரசி, கரூர்

ஃபார்மட் செய்யாதீர்கள் அம்மா, செய்யவே செய்யாதீர்கள். சான்றிதழ்கள் அதற்குள்தான் இருக்கின்றன.

நடந்தது இது. வைரஸ் உங்கள் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டை வைத்திருக்கிறது. ஷார்ட்கட்டை டபுள் கிளிக் செய்தால் ஃபோல்டரும் திறக்கும், கூடவே வைரஸும் ஓடும். ஃபோல்டர் திறந்துவிட்டதே என்று யாருக்கும் சந்தேகமே வராது. முன்பு பென்டிரைவைச் செருகியதுமே வைரஸ் தானாக ஓடும். அந்த வசதியை விண்டோஸ் 7-லும், 2011-ல் எக்ஸ்பி, விஸ்டாவிலும் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. தானாக ஓட வழியில்லாததால் நம் கையாலேயே ஓட்டவைக்கும் தந்திரத்துக்கு இவை மாறிக்கொண்டன.

நல்ல ஆன்டிவைரஸ் இருக்கும் கம்ப்யூட்டரில் செருகுங்கள். எதையும் திறக்காமல், டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து ஸ்கேன் கொடுங்கள். ஷார்ட்கட்டுகளும் வைரஸும் அதிலேயே பெரும்பாலும் போய்விடும். அடுத்து வியூ மெனுவில் ஹிட்டன் ஐட்டம்ஸ் என்பதை டிக் செய்யுங்கள். அப்போதும் தெரியாவிட்டால் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'ஹைடு புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். மங்கலாக ஒரு ஃபோல்டர் தெரியும். சில சமயம் அதற்குப் பெயரே இருக்காது, ஐகானுக்குக் கீழே வெறும் இடமாக இருக்கும். அதற்குள் மகளின் சான்றிதழ்கள் பத்திரமாக இருக்கும். டாக்குமென்ட்ஸுக்கு காப்பி செய்துவிட்டு, திறந்து பார்த்துச் சரி என்று உறுதியான பிறகு பென்டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். முதலில் எடுத்த டிக்கை மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள்.

தனி சாஃப்ட்வேரைவிட ஒரு பழக்கம் நல்லது. ஜெராக்ஸ் கடைக்கென்று ஒரு பழைய பென்டிரைவ் ஒதுக்குங்கள். பிரின்ட் எடுக்க வேண்டிய பிடிஎஃப் மட்டும் அதில் போகட்டும். சான்றிதழ்களின் ஒரே பிரதி ஒருநாளும் அதில் போகக் கூடாது. மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா 2017 முதல் இலவச நீக்கக் கருவிகளைத் தருகிறது. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஷார்ட்கட் திரும்பத் திரும்ப வந்தால் அதை ஓட்டிப் பாருங்கள்.

*

மகளின் கல்யாண போட்டோ, வீடியோ எல்லாம் கம்ப்யூட்டரில் இருந்தன. மகன் ஒரு போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேரை இலவசமாக எங்கிருந்தோ இறக்கினான். ஆன்டிவைரஸை அணைத்தால்தான் இன்ஸ்டால் ஆகும் என்று அதில் போட்டிருந்ததாம், அணைத்திருக்கிறான். மறுநாள் எல்லா ஃபைலின் கடைசியிலும் புரியாத நான்கு எழுத்து சேர்ந்துவிட்டது, எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு ரீட்மீ ஃபைல். 980 டாலர் கேட்கிறார்கள், 72 மணி நேரத்துக்குள் என்றால் பாதியாம். இனி எந்த சாஃப்ட்வேர் போட்டால் திரும்பக் கிடைக்கும்?
– வாசகர், மயிலாடுதுறை

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இதே புகாரோடு 2021-ல் என் கடைக்கு வந்த ஒரு குடும்பத்துக்கு என்னால் முழுதாக உதவ முடியவில்லை. அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து ஹார்டு டிஸ்க்கை மடியில் வைத்திருந்த விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால் நிதானமாக எழுதுகிறேன், நீங்களும் நிதானமாகச் செய்யுங்கள்.

பணம் கட்டாதீர்கள். கட்டினால் சாவி வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மகனையும் திட்டாதீர்கள், என்ன இறக்கினான், எப்போது இறக்கினான் என்று அவன் ஒளிக்காமல் சொன்னால்தான் நமக்கு உபயோகம்.

980 டாலர், 72 மணி நேரத்தில் பாதி, நான்கு எழுத்து. இந்த அடையாளங்கள் ஸ்டாப் அல்லது டிஜேவு என்று சொல்லப்படும் ரான்சம்வேர் குடும்பத்துடையவை. திருட்டு சாஃப்ட்வேர், கிராக், ஆக்டிவேட்டர் வழியாக வீட்டுக் கம்ப்யூட்டர்களைத்தான் அது குறிவைக்கிறது. ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னதே அதற்காகத்தான். 'இது தவறான எச்சரிக்கை, கண்டுகொள்ளாதீர்கள்' என்று எந்த கிராக்கில் எழுதியிருந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

இப்போது அந்தக் கம்ப்யூட்டரின் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். ஆன்டிவைரஸால் முழு ஸ்கேன் செய்து வைரஸை முதலில் நீக்குங்கள், இல்லாவிட்டால் புதிதாக வைக்கும் ஃபைலையும் பூட்டிவிடும். ஆன்டிவைரஸ் தளங்கள் அதில் திறக்காமல் போகலாம், இந்த ரான்சம்வேர் அவற்றைத் தடுத்துவைக்கும். வேறு கம்ப்யூட்டரில் ஸ்கேனரை இறக்கிக் கொண்டுபோங்கள். இதனுடன் பாஸ்வேர்டு திருடும் நிரலும் சேர்ந்து வருவது வழக்கம். எனவே ஜிமெயில், பேங்க், ஃபேஸ்புக் பாஸ்வேர்டுகளை உங்கள் போனிலிருந்து இன்றே மாற்றுங்கள். பேங்க் கணக்கில் ஏதாவது அசைவு தெரிந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

அடுத்து அந்த ரீட்மீ ஃபைலைத் திறந்து அடியில் இருக்கும் பர்சனல் ஐடி என்ற நீண்ட எழுத்து வரிசையின் கடைசி இரண்டு எழுத்தைப் பாருங்கள். 't1' (ஆங்கிலச் சின்ன எழுத்து t, பக்கத்தில் எண் 1) என்று முடிந்தால் நம்பிக்கை உண்டு. வைரஸ் தன் தலைமை சர்வரைத் தொடர்புகொள்ள முடியாமல், தன்னிடமே இருந்த பொதுச் சாவியால் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சாவிகள் பல வெளியே கிடைத்துவிட்டன. எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் வெளியிட்ட இலவசத் திறப்பான் அவற்றால் திறக்கும். ஐரோப்பிய போலீஸும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்திலிருந்து அதை இறக்கலாம். இன்று உங்கள் வகைக்குச் சாவி இல்லை என்று சொன்னாலும் ஃபைல்களை அழிக்காதீர்கள், ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டு அலமாரியில் வையுங்கள். பின்னாளில் சாவி சேர்ந்தது உண்டு. கடைசி எழுத்துகள் வேறாக இருந்தால் சாவி உங்கள் கம்ப்யூட்டருக்கென்றே தனியாக உருவானது. அதை யாராலும் உடைக்க முடியாது. 'நாங்கள் திறந்து தருகிறோம், முன்பணம் அனுப்புங்கள்' என்று வருபவர்களை நம்பாதீர்கள்.

அப்படியே இருந்தாலும் வீடியோவை விட்டுவிடாதீர்கள். இந்த ரான்சம்வேர் அவசரத்தில் வேலை செய்கிறது; ஒரு ஃபைலின் முதல் 150 கிலோபைட் அளவைத்தான் பூட்டும். கல்யாண வீடியோ பல ஜிபி இருக்கும், மிச்சம் அத்தனையும் தொடாமல் கிடக்கிறது. அதே கேமராவில் எடுத்த, நன்றாக ஓடும் இன்னொரு வீடியோ கிடைத்தால், அதை மாதிரியாக வைத்துச் சேதமான தலைப்பகுதியைச் சரிசெய்யும் இலவசக் கருவிகள் உண்டு. 2021-ல் வந்த அந்தக் குடும்பத்துக்கு போட்டோ ஒன்றையும் மீட்க முடியவில்லை, ஆனால் நான்கு வீடியோவில் மூன்றை இப்படி ஓடவைத்தேன். தாலி கட்டும் பகுதி அதில் இருந்தது.

உங்கள் கேள்வியில் நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்கிறேன். போட்டோ எடுத்த ஸ்டுடியோவுக்குப் பேசினீர்களா? ஆல்பம் கொடுத்த பிறகும் பல ஸ்டுடியோக்காரர்கள் மூலப் படங்களைச் சில காலம் ஹார்டு டிஸ்க்கில் வைத்திருப்பார்கள், இடம் போதாதபோதுதான் பழைய முகூர்த்தங்களை அழிப்பார்கள். அழிக்கும் நாள் எது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்த இதழ் கைக்கு வந்ததும் முதல் வேலையாக அவர்களுக்குப் போன் போடுங்கள். காலி ஹார்டு டிஸ்க் ஒன்றை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள்.